கணக்கு டீச்சர் பற்றிய தீர்மானம்

பக்கிரி எழுந்து நின்றபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அந்தக் குட்டைப் பெஞ்சும் அவர் முழங்காலில் மாட்டிக்கொண்டு பாதி எழுந்தது. அதைக் காலாலேயே கீழே தள்ளினார். ரைஸ் மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். புருவத்திலும் காது மடலிலும் தவிட்டுப் பொடி ஒட்டியிருந்தது. மூன்று மணிக் கூட்டத்துக்காக அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எழுதுங்க சார். கணக்கு டீச்சர் ஒழுங்கா சொல்லித்தர்றதில்ல, அவங்கள மாத்தணும். இத அப்படியே தீர்மானமா எழுதுங்க."

தலைமை ஆசிரியர் செந்தில்குமார் தீர்மான நோட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த அமலியைப் பார்த்தார். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அமலி. வடவாற்றுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த மாநகராட்சி நடுநிலைப் பள்ளியின் குழுவில் காகிதத்தில் இருபத்து நான்கு பேர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள், வார்டு கவுன்சிலர், பழைய மாணவர்கள் சிலர், ஒரு ஆசிரியர், கூட்டத்தைக் கூட்டுகிறவராகத் தலைமை ஆசிரியர். எல்லார் பெயரும் அலுவலக அறைச் சுவரில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒன்பது, மிஞ்சினால் பத்து. காலைச் சிற்றுண்டி ருசியாக இருக்கிறது, கழிவறைக்குத் தண்ணீர் வருகிறது, நீண்ட நாள் வராத பிள்ளைகளை வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியது என்று செந்தில்குமார் முன்கூட்டியே முத்து முத்தாக எழுதி வைத்திருப்பார். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு, ஒரு மசால் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரும் எழுந்து நின்று பேசி அமலி பார்த்ததில்லை.

அவள் தலைவியான கதையும் பெரிதாக ஒன்றும் இல்லை. போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பெற்றோரையெல்லாம் வரச் சொல்லி, "தலைவர் பெற்றோரா இருக்கணும், பெண்ணா இருக்கணும். யாரு நிக்கிறீங்க?" என்று செந்தில்குமார் கேட்டார். எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஜெராக்ஸ் கடை அமலி இருக்குல்ல, அதுக்கு மனுவே எழுதத் தெரியும்" என்றது. அவ்வளவுதான், கை தட்டிவிட்டார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையைப் பெற்றவர் துணைத் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் வகுப்பு நஸ்ரினின் அம்மா பாத்திமாவுக்கு அது போனது. நஸ்ரினுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் அமலி.

"எம்பொண்ணு குந்தவை எட்டாவது. நீடாமங்கலத்துலேர்ந்து ஜூன்லதான் இங்க கொண்டாந்து சேத்தேன். டிசம்பரோ ஜனவரியோ வருவாய்வழித் தேர்வு வருதுல்ல, அதுல தேறினா பன்னெண்டாவது வரைக்கும் உதவித்தொகை. அதுக்குத்தான் புள்ள படிச்சுகிட்டிருக்கு. வகுப்புல எழுந்து நின்னு சந்தேகம் கேட்ருக்கு. 'சரிம்மா, உக்காரு'ன்னாங்களாம். மறுநாளும் கேட்ருக்கு. 'குட், உக்காரு'ன்னாங்களாம். சந்தேகம் கேட்டா குட்டா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கிரி சிரிக்கவில்லை.

"வேணும்னே பண்றாங்க. குத்தகை நிலத்த விட்டுட்டு வந்து மில்லுல மூட்ட தூக்குறவன் புள்ளதானேன்னு நெனக்கிறாங்க."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த கவுன்சிலர் அமிர்தலிங்கம் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எழுதிக் குடுங்க சார், நான் ஆபீஸ்ல பேசிக்கிறேன். ஏப்ரல் முடிஞ்சா ரிட்டயர் ஆகப்போறவங்க. கடைசி ஆறு மாசம் எங்க இருந்தா என்ன?"

செந்தில்குமாரின் பேனா அசையவில்லை. "நீங்க வாசகம் சொல்லுங்கம்மா, நான் எழுதுறேன்" என்றார் அமலியிடம்.

வாசகம் அவளுக்கு உடனே வந்தது. தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த கடையில் பதினோரு வருடமாக அவள் அடிப்பது மனுக்கள்தான். பட்டா மாறுதலுக்கு, ஜமாபந்தியில் கொடுக்க, அண்ணன் மேல், பக்கத்து வீட்டுக்காரன் மேல், வி.ஏ.ஓ. மேல். வருகிறவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவள் விரல்கள் அதற்குள் 'மேற்படி நபர்' என்று தொடங்கியிருக்கும். 'மேற்படி ஆசிரியை தம் பணியில் அக்கறையின்றியும், மாணவர்களின் ஐயங்களுக்கு விடையளிக்காமல் அலட்சியப்படுத்தியும் வருவதால்...' ஒரு சொல் தட்டாமல், கமா உட்பட, வரிசையாக வந்து நின்றது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பிரகதாம்பாள் டீச்சரை மூன்று வருடமாகத் தெரியும். அவள் மகள் ஆஷ்லினுக்கு ஆறாவதிலிருந்து அவர்தான் கணக்கு. இந்த வரி எழுதப்பட்டுவிட்டால் நாளைக்கு அதை வாசிக்கிற எந்த அதிகாரிக்கும் டீச்சர் என்றால் இந்த வரி மட்டும்தான்.

அவள் தலைகளை எண்ணினாள். "சார், பதினோரு பேருதான் இருக்கோம். பாதிப் பேராவது இல்லாம தீர்மானம் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அடுத்த வெள்ளிக்கிழமை சிறப்புக் கூட்டம் போடுவோம். அண்ணே, ஒரு வாரம் குடுங்க."

செந்தில்குமார் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. "இன்னொரு அரை நாளா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கிரி வடையைத் தொடாமல் போனார்.

வெளியே வராந்தாவில் பிரகதாம்பாள் டீச்சர் போய்க்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கிய நோட்டுகள். மேலிருந்து ஒன்று நழுவிச் சத்தத்தோடு சிமென்ட் தரையில் விழுந்தது. "டீச்சர், நோட்டு!" என்று பாத்திமா கூப்பிட்டாள். டீச்சர் நடந்துகொண்டே இருந்தார். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடத் திரும்பினார்கள். பாத்திமா நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். டீச்சர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். பாத்திமா ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிச் சிரித்தார். திரும்பி வந்த பாத்திமாவின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அமலிக்கா, அவங்களுக்குக் காது கேக்கல."

"என்ன பாத்திமா சொல்ற?"

"நான் பேசறப்ப கண்ணப் பாக்கல. வாயப் பாத்தாங்க. எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமா எம்புள்ள பாக்குற மாதிரியே பாக்குறாங்க."

*

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அமலியின் கணவன் ஜெரால்ட் மஸ்கட்டிலிருந்து கூப்பிடுகிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. ஆஷ்லின் தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தாள். அமலி பீடிகை போடாமல் கேட்டாள்.

"உங்க கணக்கு டீச்சருக்குக் காது கேக்குமா?"

ஆஷ்லின் தோசையை வாயில் வைத்துக்கொண்டே நிறுத்தினாள். "கேக்காது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆறாவதுலேர்ந்தே."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சந்தேகம் இருந்தால் யாரும் எழுந்து நின்று கேட்க மாட்டார்கள். கரும்பலகையில் இடது பக்கம் கீழே ஒரு மூலையில் கணக்கு எண்ணை எழுதி வட்டம் போடுவார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்து, "ஓ, இன்னொரு தடவ பாத்துருவோமா" என்று தொடங்குவார். மணி அடித்துவிட்டால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டை மூடுவார்கள். டீச்சர் சாக்பீசைக் கீழே வைப்பார். சில பையன்கள் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள்தான், ஆனால் அவர்களும் வெளியே சொன்னதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே ஆகிவிட்டது.

"குந்தவைக்கு ஏன் யாரும் சொல்லல?"

ஆஷ்லின் தட்டைப் பார்த்தாள். "அவ புதுசு. அவங்கப்பாட்ட சொல்லிருவான்னு."

"அவ்வளவுதானா?"

"அவ வந்ததுலேர்ந்து அவதான் ஃபர்ஸ்ட்டு" என்றாள் ஆஷ்லின், மிக மெதுவாக.

அமலி திட்டவில்லை. திட்ட வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பிள்ளைகள் மூன்று வருடமாக ஒரு பெரிய மனுஷியைக் கையில் ஏந்திக்கொண்டு போயிருக்கிறார்கள், அதே கையால் இன்னொரு பிள்ளையைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டையும் தன் மகள்தான் செய்திருக்கிறாள். எதற்காக அவளைக் கண்டிப்பது, எதற்காகக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் எழுந்து போய் இன்னொரு தோசை ஊற்றினாள்.

*

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அமலி, பாத்திமாவைக் கூட்டிக்கொண்டு மானம்புச்சாவடியில் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போனாள். காலிங்பெல்லை நாலைந்து தடவை அடித்தும் கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "போன்ல மெசேஜ் போடுங்க, அப்பத்தான் வருவாங்க" என்றாள், அது ஊர் வழக்கம் என்பதைப் போல.

டீச்சர் கதவைத் திறந்தார். இருவரையும் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வரச்சொல்லி, விளக்கைப் போட்டு, வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலிகளைத் திருப்பிவைத்தார். அவர் குரல் அந்தச் சின்னக் கூடத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ஹெச்.எம். சொன்னாரா?"

"இல்ல டீச்சர். நாங்களாத்தான்" என்றாள் அமலி, வாயைத் திறந்து திறந்து, ஒவ்வொரு சொல்லாக.

"சாதாரணமாப் பேசும்மா. அப்படிப் பேசினாத்தான் புரியாது." சிரித்தார். பிறகு கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்த மாதிரி. "நாலு வருஷம் ஆச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சு, அப்புறம் வலது காது போயிருச்சு. இடது காது கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. எனக்குத் தெரியவே இல்ல. பிள்ளைங்க அடக்கமாயிட்டாங்கன்னு நெனச்சேன். முப்பது வருஷத்துல இவ்வளவு அமைதியான வகுப்ப பாத்ததில்லன்னு ஸ்டாஃப் ரூம்ல பெருமையாச் சொன்னேன்." அலமாரிப் பக்கம் பார்த்தார். "பையன் கனடாவுல இருக்கான். வீடியோவுல வருவான். வாயசைவு புரியலன்னா நெட்வொர்க் சரியில்லடான்னு சொல்லிருவேன். இன்னும் அவனுக்குத் தெரியாது. அவங்கப்பா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"மெஷின் வாங்கலையா டீச்சர்?" என்று பாத்திமா கேட்டாள்.

டீச்சர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே பஞ்சில் பதிந்து ஒரு காது மெஷின், புதுசு மாதிரி. "போட்டுட்டு ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். முப்பத்தெட்டு பிள்ளைங்க. பெஞ்சு இழுக்குறது, இருமுறது, பக்கத்து வகுப்புல வாய்ப்பாடு, எல்லாம் ஒண்ணா மண்டைக்குள்ள கொட்டுது. ஒரு வார்த்தை பிரியல. அதோட, எல்லாரும் காதையே பாக்குறாங்க."

பாத்திமா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள மூணு வயசுலேர்ந்து இதத்தான் மாட்டிகிட்டிருக்கா டீச்சர். முதல் மூணு மாசம் மாட்டினாலே கதறுவா. வாரா வாரம் போயி சத்தத்த கூட்டிக் கொறச்சு, கூட்டிக் கொறச்சுத்தான் பழகினா. நீங்க ஒரு நாள் போட்டுட்டு அலமாரியில வச்சுட்டீங்க. இத மாட்டிகிட்டு அந்த ஸ்கூலுக்கு எம்புள்ள தெனம் வருதே, உங்களுக்கு என்ன வெக்கம்?"

"பாத்திமா..." என்றாள் அமலி.

டீச்சர் கை காட்டி அவளைத் தடுத்தார். "அது குழந்தைம்மா. குழந்தைக்குக் கேக்கலன்னா எல்லாரும் கூட நிப்பாங்க. எனக்குக் கேக்கலன்னா, அப்புறம் உனக்கு எதுக்கு வேலைன்னுதான் கேப்பாங்க."

"கூட நிப்பாங்களா? யாரு டீச்சர்? ஆட்டோவுல பக்கத்துல உக்கார விடமாட்டேங்குதுங்க. மெஷினப் புடுங்கிட்டு ஓடுதுங்க. நீங்க ஒரு ஆளு அந்த வராந்தாவுல இத மாட்டிகிட்டு நடந்திருந்தா போதும். டீச்சரே போட்டுருக்காங்கன்னு இருந்திருக்கும்." அழுகையை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டதால் கடைசி வார்த்தைகள் டீச்சருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் அமலியைப் பார்த்தார், என்ன சொன்னாள் என்று. அமலி அதை அவரிடம் மறுபடி சொன்னாள். ஒருத்தியின் அழுகையை இன்னொருத்திக்குத் தெளிவாக, நிறுத்தி, வாயசைத்துச் சொல்வது அவளுக்கு அதுவரை பழக்கமில்லாத வேலையாக இருந்தது.

டீச்சர் பாத்திமாவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அமலி, என்னை மாத்தணும்னு தீர்மானம் கேக்குறாங்கன்னு ஹெச்.எம். மெசேஜ் போட்டாரு. எழுத்துல மட்டும் வேண்டாம்மா" என்றார் பிறகு. "வாயால எப்படி வேணாத் திட்டிக்கங்க. தீர்மானத்துல போட்டுட்டா ரிட்டயர் ஆகுற அன்னிக்கும் அதுதான் என் கூட வரும்."

"எம்பொண்ணும் எட்டாவதுதான் டீச்சர்."

"தெரியும். ஆஷ்லின். போர்டுல இடது பக்கம் வட்டம் போடுறவ." அமலி நிமிர்ந்ததைப் பார்த்து அவர் மெல்லச் சிரித்தார். "எனக்குத் தெரியாதா? அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் தெரியாத மாதிரி இருந்துட்டோம்."

"குந்தவைக்குத் தெரியாது டீச்சர். அவகிட்ட யாரும் சொல்லல. அவ எழுந்து நின்னது சந்தேகம் கேக்க."

அவர் முகம் மாறியதை அமலி பார்த்தாள். தீர்மானம் என்று சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. "சந்தேகமா?" என்றார். "நல்லா கணக்குப் போடுற புள்ள. எழுந்து நிக்கும்போதெல்லாம் விடை சொல்லுதுன்னு நெனச்சேன். அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம், வாய் சரியாத் தெரியாது. விடை சரியாத்தான் இருக்கும்னு... அதான் குட்னு சொன்னேன்." உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எத்தன தடவ குட்னு சொன்னேன்."

கிளம்பும்போது பாத்திமா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "புதன்கிழமை நஸ்ரினுக்கு மெஷின் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க, சத்தம் சரிபண்ணித் தருவாங்க. வரலன்னா அப்பத் திருப்பித் தர்றேன்" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு. பிறகு நினைவு வந்தவளாகத் திரும்பி டீச்சரின் முகத்தைப் பார்த்து அதையே மறுபடி சொன்னாள்.

*

ஆள் சேர்ப்பதற்குள் அமலிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சித்தாள் வேலைக்குப் போகிற ஈஸ்வரி, "எதுக்குப்பா, கையெழுத்துதானே, நோட்ட வீட்டுக்கு அனுப்பு" என்றாள். மார்க்கெட்டில் மீன் விற்கிற மதலைமுத்து வலை உதறுகிற மாதிரி கையை உதறிவிட்டு, அப்புறம் சரி என்றார். பழைய மாணவன் சித்தீக் மட்டும் முதல் போனிலேயே வருகிறேன் என்றான். எல்லாரும் விஷயம் என்ன என்று கேட்டார்கள். "கணக்குப் பாடம் பத்தி" என்று மட்டும் சொன்னாள். தன் வாயால் சொல்லி ஓட்டுச் சேர்க்கவும் முடியும் என்று தெரிந்தது. அப்படிச் செய்தால் டீச்சர் வருவதற்கு முன்பே அவர் கதை ஊர் முழுக்கப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினைந்து பேர் இருந்தார்கள். பக்கிரி இந்தத் தடவை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தீர்மானத்துக்கு முன்னாடி டீச்சர் ரெண்டு வார்த்த சொல்லணும்னு கேட்டுருக்காங்க" என்றாள் அமலி. அப்படிக் கேட்டது உண்மை. காலையில் செய்தி வந்திருந்தது.

பிரகதாம்பாள் டீச்சர் கதவருகே நின்றார். முடியை வழக்கம்போல் காது மறைய வாரவில்லை. இழுத்துக் கொண்டை போட்டிருந்தார். இடது காதில் மெஷின் இருந்தது. பாத்திமா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காது கேக்காது. நாலு வருஷமா. இத மாட்டிகிட்டா கொஞ்சம் கேக்குது, இன்னும் பழகல." வகுப்பில் பேசுகிற அதே சத்தம். "குந்தவை கேட்டது எனக்குக் கேக்கல. அத நான் யாருகிட்டயும் சொல்லாம மறைச்சது தப்பு. அவங்க அப்பா கோவப்பட்டது நியாயம்."

செந்தில்குமார்தான் முதலில் பேசினார், நோட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். மேல எழுதினா மெடிக்கல் போர்டு, விசாரணைன்னு போவும். ரிட்டயர் ஆகிட்டா முடிஞ்சுரும்னு இருந்துட்டேன்."

"அப்ப மூணு வகுப்புப் புள்ளைங்க?" என்றார் அமிர்தலிங்கம். "கேக்காதவங்கள வச்சு எப்படி சார் பாடம் நடத்துறது? எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா கவுன்சிலர் உக்காந்திருந்தாரேன்னுதான் கேப்பாங்க." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அமலிக்குத் தோன்றியது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எல்லாரும் பக்கிரியைப் பார்த்தார்கள். அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க மில்லுல பாதிப் பேருக்குக் கேக்காது டீச்சர்" என்றார் கடைசியில். "இருவது வருஷம் மெஷின் பக்கத்துல நின்னவன்கிட்ட கையக் காட்டித்தான் பேசுவோம். அத யாரும் குத்தம்னு சொன்னதில்ல. இது எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அப்படி நின்னிருக்க மாட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா எம்புள்ளைக்குப் பரீட்ச தள்ளிப்போவாதுல்ல."

"போவாது" என்றார் டீச்சர். அதை அவர் கேட்டாரா பார்த்தாரா என்று தெரியவில்லை.

செந்தில்குமார் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "நானும் கணக்குதான் படிச்சேன்" என்றார் திடீரென்று. "பத்து வருஷமா பேப்பர் வேல பாத்துப் பாத்து... வகுப்ப ரெண்டாப் பிரிச்சா பாதிய நான் எடுத்துக்கறேன். பத்தொம்பது பேருன்னா டீச்சர் பக்கத்துல போயே பேசலாம். ஆறாவது ஏழாவதுக்கும் முடிஞ்சவரைக்கும் பாக்குறேன்."

சித்தீக், பரீட்சை வரைக்கும் சனிக்கிழமைகளில் தானும் வருவதாகச் சொன்னான். கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். டீச்சர் காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதைப் பார்த்து ஈஸ்வரி, "ஒவ்வொருத்தராப் பேசுங்கப்பா" என்று அதட்டினாள்.

அமலி ஒரு தாளில் எழுதினாள். வகுப்பைப் பிரிப்பது, சனிக்கிழமைப் பயிற்சி, பிள்ளைகள் சந்தேகங்களை எழுதிக் கேட்கலாம் என்பது. காரணத்தைச் சொல்லாமலேயே தீர்மானம் முழுசாக இருந்தது. அப்படி எழுதுவதில் அவளுக்குப் பதினோரு வருடப் பழக்கம். வாசித்துக் காட்டினாள்.

"ஏன்னு அதுல இல்லையேக்கா" என்றாள் பாத்திமா. "மறைச்சு எழுதணுமா?"

அமலி பதில் சொல்வதற்குள் டீச்சர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "என்ன சொல்றா?" என்று கேட்டார். அமலி சொன்னாள். டீச்சர் அந்தத் தாளையும், பாத்திமாவையும், பிறகு ஜன்னலையும் பார்த்தார்.

"எழுதிக்க" என்றார்.

அமலி முதல் வரிக்கு மேலே இடம் விட்டிருந்த மார்ஜினில் எழுதினாள்: 'கணித ஆசிரியை திருமதி பிரகதாம்பாள் அவர்கள் தமக்குச் செவித்திறன் குறைந்துள்ளதைக் குழுவிடம் தெரிவித்தார்.' அதைப் படித்துவிட்டு, 'தெரிவித்தார்' என்பதற்கு முன்னால் ஒரு குறி போட்டு, மேலே 'தாமே முன்வந்து' என்று சேர்த்தாள். மனுவில் அப்படி எழுதுவது வீண் சொல் என்பார் அவளுக்கு வேலை பழக்கிய கடைக்காரர்.

கை தூக்கச் சொன்னார் செந்தில்குமார். பதிமூன்று கை. அமிர்தலிங்கம் தூக்கவில்லை, தான் வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னார், எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வருகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தீர்மானத்தைக் கல்வித் துறையின் செயலியில் ஏற்றும்போது இதற்கு எந்தத் தலைப்பு என்று செந்தில்குமார் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். உள்கட்டமைப்பு, சேர்க்கை, இடைநிற்றல், உணவு. "கற்றல்னு போடுங்க சார்" என்றாள் அமலி.

பக்கிரியும் கை தூக்கவில்லை. "எதுத்தும் இல்லம்மா" என்றார் வாசலில் அமலியிடம். "எந்தப் பாதியில உக்காரணும்னு புள்ளதான் சொல்லணும். அதக் கேக்காம நான் எப்படித் தூக்குறது?"

*

அடுத்த புதன்கிழமை, வருகைப் பதிவில் விடுபட்ட ஒரு கையெழுத்துக்காக அமலி பள்ளிக்குப் போனாள். இரண்டாம் பாடவேளை. இரவு பெய்த மழையில் மைதானம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வெயில் ஏறி, காற்று இல்லாமல் புழுங்கியது. எட்டாம் வகுப்பைத் தாண்டும்போது உள்ளே ஆளே இல்லாத மாதிரி இருந்ததால் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பத்தொன்பது பேரும் இருந்தார்கள். மின்விசிறிகள் இரண்டையும் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பழைய விசிறிகளின் கடகடப்பு இல்லாமல் அறை காலியாகத் தெரிந்தது. பிள்ளைகளின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருத்தன் நோட்டால் விசிறிக்கொள்ளப் போனான். தாள் படபடத்ததும் ஆஷ்லின் எட்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையை அவள் துடைக்கவில்லை.

மூன்றாம் பெஞ்சில் குந்தவை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்து, மெஷின் மாட்டிய காதை அவள் வாய்க்கு அருகில் கொண்டுபோயிருந்தார். அவர் கண்கள் மூடியிருந்தன. அந்தப் பிள்ளை ஏதோ கேட்டது. டீச்சர் கண்ணைத் திறக்காமல், விரலால் பெஞ்சின் மேல், மரத்திலேயே, மெதுவாக ஒரு முக்கோணம் வரைந்தார். குந்தவை அதைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். அப்புறம் அவளும் தன் விரலை வைத்து, டீச்சர் வரைந்த கண்ணுக்குத் தெரியாத கோட்டின் மேல், அதன் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு இழுக்கத் தொடங்கினாள்.